வன்னியில் ரியூலிப் பொதி: குமிழை வாங்கலாம், கூடாரத்தை விடுங்கள்

"வீட்டு வளவுக்குள் ஹொலண்ட்" என்ற மாதிரி விளம்பரங்களோடு ஒன்லைனில் விற்கப்படும் ரியூலிப் பொதியைப் பற்றிய மதிப்பீடு இது. பெட்டிக்குள் வருபவை: 25 குமிழ்கள், 10 அடிக்கு 6 அடி பொலித்தீன் பச்சைவீடு (கூடாரம் என்பது இதைத்தான்), அதற்கான குழாய்கள், ஈரத்தட்டும் விசிறியும் சேர்ந்த ஒரு குளிரூட்டி, 5 கிலோ தும்புத்தூள் கட்டி ஒன்று, இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரம். ஏறக்குறைய இதே சாமான்களைப் பலர் பல பெயர்களில் விற்கிறார்கள். அதனால் கடைப் பெயரை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் இருப்பதை மட்டும் பார்ப்போம்.

குமிழ் பரவாயில்லை, சில நிபந்தனைகளோடு. தும்புத்தூள் கழுவினால் நல்லது. பச்சைவீடும் குளிரூட்டியும் ரியூலிப்புக்கு உதவாதவை. பொதி விலையில் பெரும்பங்கு இந்த இரண்டுக்கும்தான் போகிறது என்பது எரிச்சலான விஷயம்.

ரியூலிப் மத்திய ஆசிய மலைச்சரிவுகளில் தோன்றிய செடி. கோடையில் குமிழ் தூங்குவது போலத் தெரிந்தாலும், அதற்குள் அடுத்த பூ முழுதாக உருவாகி முடிந்துவிடும்: இதழ் ஆறு, மகரந்தத் தண்டு ஆறு, நடுவில் மூன்று மடல் சூலகம். அந்தப் பூவை மேலே தூக்கிக்கொண்டு தண்டு நீளுவதற்கு 2 முதல் 9 பாகை செல்சியஸ் குளிரில் 12 முதல் 16 கிழமைகள் கிடக்க வேண்டும். குளிர் போதாவிட்டால் தண்டு நீளாது. மண்ணை ஒட்டியபடியே பூ விரியும், அல்லது மொட்டு காகிதம் போல் உலர்ந்துவிடும். குளிர் முடிந்த பிறகு, பூக்கும் வரையான மூன்று நான்கு கிழமைகளுக்கு 16 முதல் 18 பாகை போதும்.

நெதர்லாந்தில் பச்சைவீடு கட்டுவது இந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான். வெளியே பனி, உள்ளே 16 பாகைக்குச் சூடாக்க வேண்டும். வன்னியிலோ மார்கழி, தை மாத இரவிலும் 20 பாகைக்குக் கணிசமாகக் கீழே இறங்குவதில்லை. பகல் 27, 28. அதே கூடாரத்தைக் கிளிநொச்சியிலோ ஒட்டுசுட்டானிலோ நிறுத்தினால், காற்றோட்டம் குறைந்த வேளையில் உள்ளே வெளியை விட 5 முதல் 10 பாகை வரை கூடும். ரியூலிப்பை அவிக்க நல்ல சாதனம்.

விற்பவர்கள் இதற்குப் பதிலாகக் காட்டுவது ஈரத்தட்டுக் குளிரூட்டியை. "வெப்பத்தை 10 பாகை குறைக்கும்" என்று துண்டுப்பிரசுரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிரும் என்பது உண்மை. ஆனால் காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் குளிரும். தண்ணீர் ஆவியாவதால் மட்டும் காற்று இறங்கக்கூடிய அடி எல்லையை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள் (இந்தக் குமிழ் வெப்பமானியின் குமிழ்); எவ்வளவு நல்ல தட்டாக இருந்தாலும் அதற்குக் கீழே போகாது. மாரியில் 27 பாகையும் 80 சதவீத ஈரப்பதனும் இருக்கும் ஒரு நாளில் அந்த எல்லை 24 பாகை. கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் 34 பாகை, 50 சதவீதம் என்று வைத்தால் 25 பாகை சொச்சம். ஆக வருடத்தில் எந்த மாதத்திலும் 18 பாகையை இந்தச் சாதனம் தொடாது. பத்துப் பாகை குறையும் இடம் ராஜஸ்தான் மாதிரியான பாலைவனம். முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஈரப்பதன் இன்னும் கூட. அங்கே வெறும் விசிறி வைத்த பலன்தான் கிடைக்கும், கூடவே இலைகளில் பூஞ்சணமும்.

நுவரெலியாவில் கதை வேறு. அங்கே ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில் நிற்கிறது. பிறிட்ஜில் குளிர் முடித்த குமிழை அங்கே மழை மறைப்புக்குக் கீழே நட்டால் பூக்கும். விளம்பரப் படங்களில் பின்னால் தேயிலைச் சரிவு தெரிந்தால் அதைக் கவனத்தில் எடுங்கள்.

கூடாரத்தைக் குப்பை என்று சொல்ல வரவில்லை. 200 மைக்ரோன் பொலித்தீன், அதாவது 800 கேஜ், புறஊதாக் கதிர் தாங்கும் வகை என்றால் நாற்று மேடைக்கும் கறிமிளகாய்க்கும் தக்காளிக்கும் நன்றாகப் பாவிக்கலாம். பக்கச் சுவரில் பொலித்தீனைச் சுருட்டிவிட்டு 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சி வலை கட்ட வேண்டும், முகட்டில் சூடு வெளியேற வாய் திறக்க வேண்டும். பொதியோடு வரும் கூடாரத்தில் முகட்டு வாய் இல்லை, உயரமும் 6 அடிதான். சோளகக் காற்று அடிக்கும் வெளியான காணியில் குழாய்களைக் கொங்கிறீற்றில் ஊன்றாமல் நிறுத்தவும் முடியாது.

இனிக் குமிழ். பெட்டி வந்தவுடன் முதலில் மணந்து பாருங்கள். புளித்த மணம் வந்தால் அது பியூசேரியம் அழுகல். அந்தக் குமிழ் தானும் கெட்டு, எதிலீன் வாயுவை வெளிவிட்டுப் பக்கத்தில் இருப்பவற்றின் மொட்டையும் கருக்கும். 25இல் ஒன்று அப்படி இருந்தால் அதை எறிந்துவிட்டு மற்றவற்றைக் காற்றோட்டமாகப் பரப்பலாம். நான்கு ஐந்து என்றால் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்புங்கள். தோலில் நீலப்பச்சையாகத் தூள் போல இருப்பது பெனிசிலியம் பூஞ்சணம். சதை கெட்டியாக இருந்தால் துடைத்துவிட்டுப் பாவிக்கலாம்.

அளவு முக்கியம். குமிழின் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் சொல்வது வழக்கம்: 10/11 (10 முதல் 11 வரை), 11/12, 12/+ (12உம் அதற்கு மேலும்). சட்டிக்கும் வெட்டுப்பூவுக்கும் 12/+ வேண்டும். அது கையில் 25 முதல் 30 கிராம் பாரமாக இருக்கும். மலிவான பொதிகளில் 10/11தான் வருகிறது. இந்தச் சிறு குமிழ்களில் சில வெறும் இலை மட்டும் விடும். தையல் நாடாவால் நான்கைந்தை அளந்து பார்த்தாலே விற்பனையாளரின் நேர்மை தெரிந்துவிடும்.

இந்த மதிப்பீட்டில் ஒரேயொரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுங்கள்: பெட்டியில் "முன்குளிரூட்டியது", அதாவது குளிர் ஏற்கெனவே கொடுத்தது என்று எழுதியிருக்கிறதே, எத்தனை பாகையில், எத்தனை கிழமை, எந்தத் திகதியில் தொடங்கியது? விடை இல்லாத பெட்டி, குளிரூட்டாத பெட்டிக்குச் சமன். விடை இருந்தாலும் கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு வரும் பொதிவண்டிக்குள் சில நாள் 30 பாகைக்கு மேல் கிடந்தால், பெற்ற குளிரில் ஒரு பகுதி அழிந்துபோகும். விற்பவர் மீன் அனுப்பும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் பைகளோடு அனுப்புகிறாரா என்று கேளுங்கள். அட்டைப் பெட்டியில் வந்தால், "முன்குளிரூட்டியது" என்ற சொல்லை மறந்துவிட்டு முதலிலிருந்தே குளிர் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

சந்தேகம் இருந்தால் ஒரு குமிழைப் பலி கொடுங்கள். நெடுக்காகப் பிளந்து கைவில்லையால் பார்த்தால் நடுவில் முளை தெரியும். அதன் நுனிக்குள் பூவின் உறுப்புகள் எல்லாம் பிரிந்து தெரிந்தால், சூலகத்தின் மூன்று மடல் உட்பட, குளிருக்குப் போகத் தயார். அதற்கு முன்னரே பிறிட்ஜில் வைத்தால் பூ அரைகுறையாகவே நிற்கும். குளிர் முடியும் தறுவாயில் அதே முளை நீண்டு குமிழின் தலையை முட்டி நிற்கும்.

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவுகள் சூட்கேசில் கொண்டுவரும் குமிழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே புரட்டாதி, ஐப்பசியில் கடைகளில் கிடைப்பவை நிலத்தில் நட்டு அங்கத்தைய குளிரில் விடுவதற்கானவை. குளிர் எதுவும் பெறாதவை. அதோடு 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி நடுகைப் பொருள் இறக்குமதிக்கு அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் தேவை. கட்டுநாயக்காவில் பறிமுதல் செய்தால் யாரையும் நோக முடியாது.

பிறிட்ஜ் வேலை இப்படி. மரக்கறித் தட்டில் 4 முதல் 5 பாகை. வெங்காயம் வரும் வலைப்பையிலோ காகிதப் பையிலோ போட்டு, பொலித்தீன் பைக்குள் அடைக்காமல் வையுங்கள். அதே பிறிட்ஜில் மாம்பழம், வாழைப்பழம், அப்பிள், வெண்ணெய்ப்பழம் எதுவும் கூடாது. பழுக்கும் பழம் விடுவதும் அதே எதிலீன்தான். குடும்பப் பிறிட்ஜில் மூன்று மாதம் பழம் இல்லாமல் இருப்பது நடக்காத காரியம் என்பதால் பழைய சின்னப் பிறிட்ஜ் ஒன்றைத் தனியாக ஒதுக்குவது நல்லது. பின்சுவரில் பனி படியும் மொடல் என்றால் குமிழ் அதைத் தொடாமல் அட்டை ஒன்றைச் செருகுங்கள். உறைந்த குமிழ் செத்த குமிழ். மின்வெட்டுக்கு முன்னேற்பாடாக அடித்தட்டை நிறைத்துத் தண்ணீர்ப் போத்தல்கள் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். பையில் பெரிய எழுத்தில் "நச்சு, சமைக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டுங்கள். பார்வைக்கு வெங்காயத்திலிருந்து அதிக வித்தியாசம் இல்லை. கறிக்குள் போனால் வயிற்றைப் புரட்டும். கையில் எடுக்கும்போது கையுறை போடுவதும் நல்லது. ரியூலிப் சாறு விரல் தோலை அரித்து வெடிக்கச் செய்யும்.

மாசி நடுவில் பூ வேண்டுமென்றால் பின்னோக்கி எண்ணுங்கள். பூக்கும் அறையில் நான்கு கிழமை, அதற்கு முன் குளிர் 15 கிழமை. ஆக ஒக்டோபர் முதல் கிழமையில் பிறிட்ஜுக்குள் போக வேண்டும். நெதர்லாந்தில் ஆனி, ஆடியில் கிளறிய குமிழ் இங்கே வந்து சேரும் காலத்துக்கும் இது ஒத்துவரும். தைப்பொங்கலுக்கே வேண்டுமென்றால் செப்டெம்பர் முதல் கிழமை. அதற்குள் நல்ல குமிழ் கைக்கு வருவது கடினம்.

15 கிழமையில் கடைசி மூன்றைச் சட்டியோடு கழிக்க வேண்டும், வேர் இறங்குவதற்காக. இதைத் துண்டுப்பிரசுரம் சொல்லவே இல்லை. வேர் இல்லாமல் நேராக 16 பாகைக்குக் கொண்டுவந்தால் முளை வேகமாக எழும், தண்ணீர் இழுக்க வேர் இருக்காது, மொட்டு கருகும். 15 சென்ரிமீற்றர் சட்டியில் ஐந்து குமிழ். குமிழின் அடியில் வேர் விடும் வேர்த்தட்டைச் சுற்றியிருக்கும் கபிலத் தோலை மட்டும் கவனமாக உரியுங்கள். கெட்டித் தோல் வேரை மேல்நோக்கித் திருப்பிவிடும். குமிழின் தட்டையான பக்கம் சட்டியின் வெளிவிளிம்பைப் பார்க்க வேண்டும். முதல் பெரிய இலை அந்தப் பக்கமாகச் சாயும், சட்டி வடிவாக இருக்கும். நுனி மண்மட்டத்துக்குத் தெரியட்டும். தண்ணீரும் பிறிட்ஜில் குளிர்ந்த தண்ணீராக இருக்கட்டும். சட்டியைப் பிறகு மாற்ற நினைக்க வேண்டாம். ரியூலிப் வேர் கிளை விடாது, உடைந்தால் திரும்ப வளராது.

தும்புத்தூள் கட்டி 5 கிலோ, ஊறினால் 65 முதல் 70 லீற்றர் வரும். 25 குமிழுக்குத் தாராளம். ஆனால் அப்படியே பாவிக்கக் கூடாது. தும்பில் சோடியமும் பொட்டாசியமும் தங்கியிருக்கும், அவை கல்சியத்தைச் செடிக்குக் கிடைக்கவிடாது. இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசி வடித்து, கடைசியாக லீற்றருக்கு 2 கிராம் கல்சியம் நைத்திரேற் கரைத்த தண்ணீரில் ஓரிரவு ஊறவிட்டு மறுபடி அலசுங்கள். மூன்று பங்கு தும்புக்கு ஒரு பங்கு கழுவிய ஆற்றுமணல். கிணற்றுத் தண்ணீர் வன்னியில் இடத்துக்கிடம் மாறும். கரையோரத்தில் உவர், வேறு பல இடங்களில் கடினத்தன்மை. ரியூலிப்புக்கு உப்புப் பொறுக்காது. மாரி மழையைத் தாங்கியில் பிடித்து வைத்தால் இந்தத் தலையிடியே இல்லை.

உரத்தைப் பற்றி: யூரியாவில் கை வைக்க வேண்டாம். குமிழுக்குள் சாப்பாடு இருக்கிறது. கிழமைக்கொரு தரம் லீற்றருக்கு 2 கிராம் கல்சியம் நைத்திரேற் மட்டும் போதும். அதுவும் ஒரு குறிப்பிட்ட நோய்க்காக. மொட்டு நிறம் காட்டும் வேளையில் தண்டில் ஓரிடம் கண்ணாடி போல் நீர் கோத்து, அடுத்த நாள் அந்த இடத்தில் மடிந்து விழும். கிருமியைத் தேட வேண்டாம். வேகமாக நீளும் தண்டுக்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது. சூடும் அதிக ஈரப்பதனும் சேர்ந்தால் கூடும், காற்று அசைந்தால் குறையும்.

இப்போது பூக்கும் இடம். கூடாரத்துக்கும் குளிரூட்டிக்கும் போகும் காசை இங்கே போடச் சொல்கிறோம். 8 அடிக்கு 6 அடி, 7 அடி உயரத்தில் ஒரு சின்ன அறை. வீட்டின் களஞ்சிய அறையே போதும். சுவர், கூரை, தரை, கதவு எல்லாவற்றிலும் 2 அங்குல ரெஜிபோம் தகடு ஒட்டி, பொருத்துகளை நாடாவால் அடைத்தால், வெளியே 32 பாகையாக இருக்கும்போது உள்ளே 16ஐ வைத்திருக்க ஏறத்தாழ 300 வோற் வெப்பத்தைத்தான் வெளியேற்ற வேண்டும். 9,000 பிரிஎயூ இன்வேர்ட்டர் ஏசி தாராளமாகச் செய்யும். மின்விளக்கோடு சேர்த்து நாளுக்கு 5 முதல் 7 யூனிற் என்று கணக்கு வைக்கலாம். ஏசியின் காற்று நேரே இலையில் படாமல் திருப்புங்கள். ஏசி காட்டும் இலக்கத்தை நம்பாமல், சட்டி மட்டத்தில் தனி வெப்பமானி ஒன்று வையுங்கள். இரண்டு மூன்று பாகை வித்தியாசம் சாதாரணம்.

வெயில் இல்லாமல் பூக்குமா என்று கேட்பார்கள். பூக்கும். பூ ஏற்கெனவே குமிழுக்குள் முடிந்துவிட்டது; வெளிச்சம் இலையைப் பச்சையாகவும் தண்டை நேராகவும் வைக்க மட்டும். வெள்ளை எல்ஈடி 100 வோற், நாளுக்கு 10 மணி நேரம் போதும். நெதர்லாந்துக்காரரே இப்போது தட்டுத் தட்டாக அடுக்கி எல்ஈடியில் எடுக்கிறார்கள். 60 க்கு 40 சென்ரிமீற்றர் தட்டு ஒன்றில் 80 முதல் 100 குமிழ் நெருக்கமாக நிற்கும் என்பதால், இந்தச் சிறு அறை வீட்டுத் தேவைக்கு மட்டுமல்ல, மண்டப அலங்காரம் செய்பவருக்கும் போதும். ஈரப்பதன் கூடினால் பொற்றைற்றிஸ் பூஞ்சணம் இலையில் சாம்பல் புள்ளியாக வரும். ஏசி காற்றை உலர்த்துவதால் அந்தத் தொல்லை இங்கே குறைவு. புள்ளி கண்ட இலையை உடனே வெட்டி வெளியே எடுத்தால் போதும்.

வகையைத் தெரிவு செய்ய முடிந்தால் ட்ரையம்ப் எனும் ரியூலிப் வகைக் குழுவில் நில்லுங்கள். மஞ்சளுக்கு ஸ்ட்ரோங் கோல்ட், சிவப்புக்கு இல் த பிரான்ஸ், சிவப்பில் வெள்ளை விளிம்பென்றால் லீன் வன் டெர் மார்க். எல்லாரும் ஆசைப்படும் கறுப்பு நிற குவீன் ஒஃப் நைற் பிந்திப் பூப்பது, நீண்ட குளிர் கேட்பது. முதல் தரம் செய்பவருக்கு உகந்ததல்ல. நீல ரியூலிப் என்று படம் போட்டால் அந்தக் கடையையே விட்டு விலகுங்கள். அப்படி ஒரு பூ இல்லை. ரியூலிப் விதைப் பைகளும் அதே ரகம். விதையிலிருந்து பூவுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் செல்லும், அதுவும் ஒவ்வொரு வருடமும் குளிர்காலம் இருந்தால்.

மொட்டு முழுதாக நிறம் ஏறி, இன்னும் மூடியிருக்கும்போதே வெட்ட வேண்டும். அல்லது சட்டியை அந்த நிலையில் விறாந்தைக்குக் கொண்டுவரலாம். 28 பாகையில் காலையில் மொட்டாக இருந்தது மத்தியானம் மல்லாந்து விரியும். சூட்டுக்கு இதழ் திறப்பது ரியூலிப்பின் இயல்பு. இரவில் மறுபடி ஏசி அறைக்குள் வைத்தால் மூடிக்கொள்ளும், நாலைந்து நாள் இழுக்கலாம். கலியாண மண்டபத்துக்கு என்றால் காலையிலேயே கொண்டுபோய் வைக்க வேண்டாம்.

"வருடா வருடம் பூக்கும்" என்ற துண்டுப்பிரசுர வாசகம் வன்னிக்குப் பொய். பூத்த குமிழ் கரைந்து, பக்கத்தில் குட்டிக் குமிழ்களாகப் பிரியும். அவை பருக்க நீண்ட குளிர்ந்த இளவேனில் வேண்டும். இங்கே பங்குனி வெயிலில் இலை இரண்டு கிழமையில் காய்ந்துவிடும். ஒவ்வொரு பருவமும் புதுக் குமிழ் வாங்கும் செலவாகவே இதைக் கணக்கில் எடுங்கள். குமிழ் முளைத்துத் திரும்பத் திரும்பப் பூப்பதுதான் உங்களுக்கு வேண்டுமென்றால், வேலியோரம் கார்த்திகை மழைக்குத் தானாக எழும்பும் கார்த்திகைப்பூக் கிழங்கு இருக்கிறது, பிறிட்ஜ் கேட்காது. அதுவும் நச்சுத்தான்.

மதிப்பெண் கேட்டால்: குமிழ் 12/+ ஆகவும் குளிர்த் திகதியோடும் வந்தால் ஐந்துக்கு நாலு, 10/11 ஆக வந்தால் இரண்டு. தும்புத்தூள் மூன்று. கூடாரம் நாற்றுமேடைக்கு மூன்று, ரியூலிப்புக்குப் பூச்சியம். குளிரூட்டிக்கும் பூச்சியம்தான். பல விற்பனையாளர்கள் கேட்டால் குமிழை மட்டும் தனியாகத் தருகிறார்கள். விளம்பரத்தில் அந்த விலை இருக்காது, எழுதிக் கேட்க வேண்டும். பூத்து முடிந்த குமிழ்களை ஆடு மாடு கிளறாத குழியில் போட்டு மூடுங்கள்.